கவருக்கு முடிச்சு போடாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

பச்சைத் தழைகளையும் மசாலாச் சாமான்களையும் பார்த்து வாங்குவது, கெடாமல் வைப்பது பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் ஒரு ஓரமாகப் போட்டிருந்தோம். வந்த கடிதங்களைப் படித்தால் எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஒரே கதைதான் நடக்கிறது போலிருக்கிறது. ஒரே மாதிரி கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன், உங்கள் கேள்வி அப்படியே இல்லையே என்று கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, கொத்தமல்லிக் கட்டு வாங்கி வந்த அன்றைக்கே நன்றாக அலசி, தண்ணீரை உதறி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி முடிச்சு போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். மூன்றாம் நாள் திறந்தால் பாதிக்குமேல் கொழகொழவென்று கிடக்கிறது. இதற்கு மேல் எப்படிப் பத்திரமாக வைப்பது?

பதில்: பத்திரம் கொஞ்சம் கூடிப்போனதுதான் வம்பு. பறித்த பிறகும் தழை உடனே செத்துவிடுவதில்லை, மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும், அப்படி விடும்போது ஈரத்தையும் கொஞ்சம் சூட்டையும் வெளியே தள்ளும், நீங்கள் முடிச்சு போட்டு அடைத்துவிட்டதால் அந்த ஈரம் போக வழியில்லாமல் கவரின் உள்பக்கம் முத்து முத்தாகப் படிந்து மறுபடி இலை மேலேயே சொட்டுகிறது. அடுத்த தடவை அந்தக் கவரை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், தெரியும். போதாததற்கு அலசின தண்ணீர் வேறு கட்டின் நடுவில் தங்கியிருக்கும், கையால் எவ்வளவு உதறினாலும் அது போகாது.

சரி, கவரே வேண்டாம் என்று அப்படியே திறந்து போட்டால்? ஃப்ரிட்ஜுக்குள் சுற்றும் காற்று வறண்ட காற்று, ஒரே ராத்திரியில் துவண்டு தொங்கிவிடும். இலை மேல் ஈரம் ஒட்டக்கூடாது, ஆனால் இலையைச் சுற்றியிருக்கும் காற்று காய்ந்தும் போகக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வழி பார்க்க வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கட்டை அவிழ்ப்பது. ரப்பர் பேண்டோ நாரோ இறுக்கிய இடத்தில்தான் தண்டு நசுங்கி அழுகல் தொடங்கும். மஞ்சள் இலை, கறுத்த இலை, நசுங்கிய தண்டு எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுவேன், இதில் சோம்பல் பட்டால் மற்ற வேலையெல்லாம் வீண், ஏனென்றால் ஒரு கொழகொழ இலை பக்கத்தில் இருக்கும் நாலைந்தையும் இழுத்துக்கொண்டுதான் போகும். அப்புறம் கழுவாமல், தண்டின் அடியை அரை அங்குலம் வெட்டிவிட்டு, ஒரு தம்ளரில் இரண்டு விரல்கடை தண்ணீர் விட்டுப் பூச்செண்டு மாதிரி நிறுத்தி, மேலே ஒரு கவரைக் கவிழ்த்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். கவரைக் கட்ட வேண்டாம், சும்மா தொப்பி மாதிரி கிடக்கட்டும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றினால் பத்து நாள், நல்ல கட்டாக இருந்தால் இரண்டு வாரம்கூட இருக்கும். பார்ஸ்லிக்கும் புதினாவுக்கும் இதே வழிதான்.

ஃப்ரிட்ஜில் தம்ளர் நிறுத்த இடமில்லை என்றால் ஒரு பழைய பருத்தித் துணியிலோ டிஷ்யூ பேப்பரிலோ தளர்வாகச் சுற்றி டப்பாவில் போடுங்கள். துணி நனைந்துவிட்டால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மண்ணோடு வந்திருக்கிறது, கழுவாமல் மனசு கேட்கவில்லை என்றால் கழுவிக்கொள்ளுங்கள், ஆனால் துணியில் பரப்பி, தொட்டால் கையில் ஈரம் ஒட்டாத அளவுக்கு உலர்ந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். ஒரு மணி நேரமாவது ஆகும்.

கேள்வி: நீங்கள் சொல்கிற மாதிரிதான் வைக்கிறேன், இருந்தும் நாலே நாளில் இலை மஞ்சளாகிவிடுகிறது. அழுகவில்லை, மஞ்சள்தான்.

பதில்: பக்கத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி மாதிரி பழுக்கிற சாமான்கள் எத்திலீன் என்ற வாயுவை விடும், பச்சை இலையை சீக்கிரம் முதுமையாக்குகிற வேலையை அதுதான் செய்கிறது. பழத்தை வேறு தட்டுக்கு மாற்றுங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால், வாங்கும்போதே பழைய கட்டு என்று அர்த்தம்.

கேள்வி: அப்படியானால் வாங்கும்போது பழசா புதுசா என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது? எல்லாக் கட்டும் பச்சையாகத்தான் தெரிகிறது.

பதில்: தண்ணீர் தெளித்து வைத்திருந்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். மேல் இலையைப் பார்க்காதீர்கள், தண்டின் அடிப்பக்கம், வெட்டின முனையைப் பாருங்கள். புதுசாக இருந்தால் வெளுத்த பச்சையாக, ஈரப்பசையோடு இருக்கும், நாளானது என்றால் பழுப்பேறி நுனி சுருங்கியிருக்கும். வேரோடு வந்த கட்டு என்றால் வேரைப் பாருங்கள், மொடமொடவென்று காய்ந்திருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்தது கட்டின் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். உள்ளே வெதுவெதுப்பாகவோ வழவழப்பாகவோ பட்டால் அழுகல் தொடங்கிவிட்டது. கடைசியாக ஒரு இலையைக் கிள்ளி விரலுக்கு நடுவில் கசக்கி மோந்து பாருங்கள். கொத்தமல்லி என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் வாசனை மூக்கில் ஏற வேண்டும், வெறும் புல் வாசனை வந்தால் சமைத்தாலும் புல்தான்.

தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும் கட்டு கையில் கனமாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் வீட்டுக்கு வந்ததும் முதலில் துணியில் விரித்துப்போட்டு உலர்த்துங்கள்.

கேள்வி: பேசில் இலை வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன், மறுநாள் காலையில் பார்த்தால் கறுப்பாகிவிட்டது. கெட்டுப்போன இலையைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பதில்: கொடுத்தவர் மேல் தப்பில்லை, குளிர்தான். பேசில் நம் திருநீற்றுப்பச்சிலைதான், துளசிக்கு நெருங்கின சொந்தம், வெப்பமான இடத்தில் வளர்கிற செடி. சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே இலையின் செல்கள் அடிபட்டுக் கறுக்கத் தொடங்கிவிடும், ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கிறது. இதை மட்டும் வெளியே, தம்ளர் தண்ணீரில், வெயில் நேராகப் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள், தண்ணீருக்குள் இலை முங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தாராளமாக இருக்கும், சில சமயம் தண்ணீரிலேயே வேர் விட்டுவிடும், அப்படி விட்டால் தொட்டியில் நட்டுவிடுங்கள், அப்புறம் என்னிடம் கேள்வி கேட்க வேண்டியிருக்காது.

கேள்வி: கறிவேப்பிலையை வெயிலில் காயவைத்துப் பொடித்து வைத்தேன். நிறமும் இல்லை, மணமும் இல்லை. என்ன தப்பு?

பதில்: வெயில்தான் தப்பு. இலையின் மணம் என்பது அதிலிருக்கும் ஆவியாகிற எண்ணெய், வெயிலில் போட்டால் தண்ணீரோடு சேர்ந்து அதுவும் கிளம்பிவிடும், பச்சையும் வெளுத்துவிடும். காயவைக்க வேண்டும் என்றால் நிழலில், காற்றோட்டமான இடத்தில் பரப்புங்கள். ஆனால் என்னைக் கேட்டால் கறிவேப்பிலையைக் காயவைக்கவே மாட்டேன். ஈர்க்கிலிருந்து உருவி, ஈரமில்லாமல் துடைத்து, டிஷ்யூ பேப்பர் விரித்த டப்பாவில் போட்டு மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் வரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃப்ரீசர். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததை வெளியே வைத்து உருகவிடக் கூடாது, துவண்டு கறுத்துவிடும், எடுத்த கையோடு எண்ணெயில் போட வேண்டும். முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், வெடிக்கும்.

காயவைக்க ஏற்ற தழைகள் வேறு இருக்கின்றன. ரோஸ்மேரி, தைம், ஓரிகனோ மாதிரி கெட்டியான சின்ன இலைகள் காய்ந்தாலும் மணத்தைப் பிடித்து வைத்திருக்கும். கொத்தமல்லி, பார்ஸ்லி, பேசில் மாதிரி மெல்லிய இலைகள் காய்ந்தால் பச்சை நிறக் குப்பைதான். அவற்றைப் பொடியாக நறுக்கி ஐஸ் தட்டில் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீரோ எண்ணெயோ விட்டு உறையவைத்து, கட்டியானதும் கவருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மேலே தூவ இது உதவாது, உறைந்த தழை உருகினால் துணி மாதிரி ஆகிவிடும். கொதிக்கிற பாத்திரத்தில் ஒரு கட்டியைப் போட மட்டும்தான்.

கேள்வி: சமையல் குறிப்பில் பச்சைத் தழை போடச் சொல்லியிருக்கிறது, என்னிடம் காய்ந்ததுதான் இருக்கிறது. எவ்வளவு போடுவது?

பதில்: மூன்றில் ஒரு பங்கு. பச்சை மூன்று ஸ்பூன் என்றால் காய்ந்தது ஒரு ஸ்பூன், அதையும் கடைசியில் போடாமல் கொஞ்சம் முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் கொத்தமல்லித் தழை சோப்பு மாதிரி இருக்கிறது என்று தட்டில் ஒதுக்கிவிடுகிறார். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைக்கிறேன்.

பதில்: பாவம், அவரை விட்டுவிடுங்கள். கொத்தமல்லித் தழையின் மணத்துக்குக் காரணம் ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருள்கள், சோப்பிலும் அதே குடும்பத்துச் சாமான் உண்டு. அந்த மணத்தைக் கூர்மையாகப் பிடிக்கிற ஓ.ஆர்.6.ஏ.2 என்ற மரபணுவின் ஒரு வகை சிலருக்கு இருக்கிறது என்று 2012-ல் கண்டுபிடித்தார்கள். பச்சையாகத் தூவாமல் கொதிக்கும்போதே போட்டால் மணம் அடங்கும், அவரும் சாப்பிட்டுவிடலாம்.

கேள்வி: விடுதி அறையில் தனியாகச் சமைக்கிறேன். வேலை மிச்சம் என்று உரித்த பூண்டை ஒரு பாட்டிலில் போட்டு எண்ணெய் ஊற்றி வெளியிலேயே வைத்திருக்கிறேன், எண்ணெய்க்குள் இருப்பதால் கெடாதுதானே? இஞ்சியில் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: தம்பி, இதைப் படித்து முடித்ததும் அந்தப் பாட்டிலைக் குப்பையில் போட்டுவிடு, மோந்து பார்த்து முடிவு செய்யலாம் என்று நினைக்காதே. பூண்டு மண்ணுக்குள் விளைகிறது, மண்ணில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று ஒரு கிருமி இருக்கிறது, அதன் வித்து காற்று இருக்கும் இடத்தில் சும்மா கிடக்கும், காற்றும் புளிப்பும் இல்லாத வெதுவெதுப்பான இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சை விடும். எண்ணெயில் மூழ்கின பூண்டு அதற்கு ஏற்ற இடம், ஏனென்றால் எண்ணெய் காற்றை அடைத்துவிடுகிறது, பூண்டிலும் புளிப்பு கிடையாது. அந்த நஞ்சுக்கு வாசனையும் இல்லை, ருசியும் இல்லை, நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்திவிடும். 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஒரு உணவகத்தில் இப்படி ஃப்ரிட்ஜுக்கு வெளியே வைத்திருந்த எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். 1989-ல் அமெரிக்காவிலும் இதே மாதிரி நடந்தபிறகுதான், விற்கிற எண்ணெய்ப் பூண்டில் அமிலம் சேர்த்தே ஆக வேண்டும் என்று அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் சொல்லிவிட்டது. கடையில் வாங்கும் பாட்டிலில் சிட்ரிக் அமிலம் என்று போட்டிருப்பது அதனால்தான், வீட்டில் நாம் அந்த அளவெல்லாம் பார்த்துப் போடுவதில்லை.

எண்ணெயில் வேண்டும் என்றால் கொஞ்சமாகச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்து நாலு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை ஃப்ரீசரில் போட வேண்டும். இஞ்சி பூண்டு விழுதுக்கும் எண்ணெயில் போட்ட தழைகளுக்கும் இதே கணக்குதான். நான் விழுதை ஐஸ் தட்டில் ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாக உறையவைத்துக்கொள்கிறேன்.

உரிக்காத பூண்டுக்கு ஃப்ரிட்ஜே வேண்டாம். குளிரில் வைத்து எடுத்தால் முளைக்கத் தொடங்கிவிடும். ஓட்டை உள்ள கூடையிலோ வலைப்பையிலோ இருட்டான, காய்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். முழுப் பூண்டை உடைத்துப் பல் பல்லாக வைத்தால்தான் சீக்கிரம் வாடும். முளை வந்துவிட்டால் விஷமெல்லாம் இல்லை, லேசாகக் கசக்கும், நடுவில் இருக்கும் பச்சை முளையை எடுத்துவிட்டுப் போடு.

இஞ்சி வாங்கும்போது தோல் இழுத்துக் கட்டின மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும், ஒரு கிளையை ஒடித்தால் டப்பென்று ஒடிய வேண்டும், வளைந்தால் பழசு. தோல் சீவாமல், முழுக்கக் காய்ந்த நிலையில் காகிதத்தில் சுற்றி, கவரில் காற்றை அமுக்கி எடுத்து, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால் மூன்று நாலு வாரம் வரும். பூசணம் பிடித்தது ஈரத்தால்தான், வெட்டின முனையை அப்படியே உள்ளே வைத்திருப்பாய். வெட்டின பக்கம் கொஞ்ச நேரம் காற்றில் உலரட்டும், பிறகு சுற்று. இன்னொரு வழி, இஞ்சியை முழுசாக ஃப்ரீசரில் போட்டுவிட்டு வேண்டும்போது அப்படியே துருவுவது. உறைந்த இஞ்சியைத் துருவினால் நார் மாட்டாது, பனித்தூள் மாதிரி விழும், ஒரு தடவை செய்து பார், அப்புறம் விடமாட்டாய்.

கேள்வி: அரைத்து வைத்த பூண்டு விழுது நீலப் பச்சையாக மாறிவிட்டது. பயந்துபோய்க் கொட்டிவிட்டேன்.

பதில்: கொட்டியிருக்க வேண்டாம். பூண்டின் கந்தகச் சேர்மங்களும் அதிலேயே இருக்கும் அமினோ அமிலங்களும் சேர்ந்து நிறம் உண்டாக்கிக்கொள்கின்றன, எலுமிச்சையோ வினிகரோ பட்டால் இன்னும் சீக்கிரம் வரும். பார்க்கத்தான் ஒரு மாதிரி இருக்கும், சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. பூசணம் வேறு விஷயம், அது மேலே பஞ்சு மாதிரி படியும், அதைக் கொட்டத்தான் வேண்டும்.

கேள்வி: மசாலாச் சாமான்களைப் பொடியாக வாங்குவதா, முழுசாக வாங்குவதா? முழுசு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் யாருக்கு நேரம் இருக்கிறது?

பதில்: நேரம் இல்லை என்பது உண்மைதான், எனக்கும் இல்லை. அதனால் எல்லாவற்றையும் அரைத்துக்கொள்ளுங்கள் என்று உபதேசம் செய்ய மாட்டேன். எதைப் பொடியாக வாங்கினால் நஷ்டம் குறைவு, எதில் நஷ்டம் அதிகம் என்று பார்ப்போம்.

மிளகை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு விஷயம் இருக்கிறது, நாக்கில் சுரீர் என்று பிடிக்கிற காரம் ஒன்று, மூக்குக்குப் போகிற மணம் ஒன்று. காரத்துக்குக் காரணம் பைப்பரின், அது ஆவியாகிப் போகாது. மணம் வேறு எண்ணெய், பறந்துபோகும். அதனால்தான் பழைய மிளகுப் பொடியில் காரம் அப்படியே இருக்கும், மணம் மட்டும் இருக்காது, நாக்கு எரியும், ஆனால் சாப்பாட்டில் மிளகு போட்ட மாதிரியே தெரியாது. மிளகை மட்டுமாவது முழுசாக வாங்கி, அப்போதைக்கு அப்போது இடித்துக்கொள்ளுங்கள், நாலு இடி இடித்தால் முடிந்தது. சீரகம், ஏலக்காய், ஜாதிக்காயும் இதே ரகம், பொடித்த சில வாரத்திலேயே மணம் இறங்கத் தொடங்கும். ஏலக்காயைத் தோலோடுதான் வாங்க வேண்டும், அந்தத் தோல்தான் அதற்கு டப்பா, உரித்த விதை விற்கிறார்கள் என்று வாங்கிவிடாதீர்கள். நல்ல ஏலக்காயைப் பிரித்தால் விதை கறுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிசுபிசுவென்று இருக்கும். வெளுத்து, காய்ந்து, குலுக்கினால் கலகலவென்று சத்தம் போடுகிறதா, வேண்டாம்.

மஞ்சளும் மிளகாயும் பொடியாக வாங்கலாம். மிளகாயின் காரமும் மிளகு மாதிரிதான், எளிதில் போகாது, நிறம்தான் வெளிச்சம் பட்டால் மங்கும். மஞ்சளின் நிறமும் வெளிச்சத்துக்குத் தாங்காது. ஆனால் பொடியில் கலப்படம் செய்வது சுலபம், மஞ்சளில் ஈயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறப் பொருளும் மிளகாய்ப் பொடியில் ‘சூடான்’ என்ற சிவப்புச் சாயமும் பிடிபட்டிருக்கின்றன, இரண்டும் உடம்புக்குக் கெடுதல், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. நிறம் ரொம்பப் பளிச்சென்று இருக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்காமல் இருப்பது ஒரு வழி, முழுசாக வாங்கி மொத்தமாக அரைத்துக்கொள்வது இன்னொரு வழி.

முழு மிளகிலும் பப்பாளி விதையைக் கலப்பார்கள். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் போகும், பப்பாளி விதை மிதக்கும். மிதப்பதெல்லாம் பப்பாளி என்று சண்டைக்குப் போகாதீர்கள், சதைப்பிடிப்பில்லாத சாவி மிளகும் மிதக்கும். எடுத்துப் பாருங்கள், பப்பாளி விதை நீள்வட்டமாக, சுருக்கம் வேறு மாதிரியாக, வாயில் போட்டால் மிளகின் காரமும் மணமும் இல்லாமல் இருக்கும்.

கேள்வி: பாக்கெட்டில் போட்ட தேதி தாண்டிவிட்டது. மசாலாவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?

பதில்: பால் மாதிரி ஒரே நாளில் கெட்டுப்போகிற சாமான் இல்லை இது. காய்ந்தே இருந்தால் விஷமாகாது, மணம்தான் போகும். முழுசாக இருப்பது இரண்டு மூன்று வருஷம் தாங்கும், பொடி ஆறு மாதத்தில் இறங்கத் தொடங்கி ஒரு வருஷத்தில் பாதியாகிவிடும், இதெல்லாம் வைக்கிற விதத்தைப் பொறுத்து முன்னே பின்னே போகும். உள்ளங்கையில் ஒரு சிட்டிகை போட்டுத் தேய்த்து மோந்து பாருங்கள், உடனே தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், மூக்கை உள்ளே விட்டுத் தேட வேண்டியிருந்தால் குப்பை. ஆனால் பூசணம் வந்துவிட்டால் தேதியே பார்க்க வேண்டாம். மிளகாய், ஜாதிக்காய் இரண்டிலும் பூசணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரக்கூடும், அது சமையல் சூட்டில் போகாது, பூசணம் வந்த பகுதியை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிற வேலையெல்லாம் கூடாது.

கேள்வி: அடுப்புக்கு மேலே அழகாக ஒரு தட்டு அடித்து, கண்ணாடி பாட்டிலில் எல்லாப் பொடியையும் வரிசையாக வைக்கப் போகிறேன். எந்த மாதிரி பாட்டில் நல்லது?

பதில்: பாட்டில் கிடக்கட்டும், அந்தத் தட்டை அடிக்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் அடித்தேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது, வருகிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மூன்று மாதத்தில் மிளகாய்ப் பொடி செங்கல் தூள் நிறத்துக்கு வந்துவிட்டது, உப்பு பாட்டில் மூடி திறக்கவில்லை, தனியாப் பொடி கல்லாகி ஸ்பூன் வளைந்தது. அடுப்பின் சூடு, ஆவி, ஜன்னல் வெளிச்சம், மசாலாவுக்கு ஆகாத மூன்றும் சேர்ந்து வருகிற ஒரே இடம் அதுதான். இப்போது அதில் தம்ளர்கள் இருக்கின்றன.

அடுப்பிலிருந்து தள்ளி, மூடுகிற அலமாரியில் வையுங்கள். இறுக்கமான மூடி போட்ட கண்ணாடி பாட்டிலோ எவர்சில்வர் டப்பாவோ நல்லது. பிளாஸ்டிக்கில் வாசனை ஏறிக்கொள்ளும், ஒரு தடவை கிராம்பு வைத்த டப்பாவில் வேறெதையும் வைக்க முடியாது, கிராம்பு எண்ணெய் சில பிளாஸ்டிக்கை மங்கலாக்கவும் செய்யும். அஞ்சறைப்பெட்டி வைத்திருப்பவர்கள் அதில் வாரத்துக்கு ஆகிற அளவை மட்டும் போட்டுக்கொண்டு மிச்சத்தைத் தனித்தனி டப்பாவில் வையுங்கள், உள்கிண்ணங்களுக்குத் தனி மூடி இல்லாததால் ஏலக்காயெல்லாம் மிளகு வாசனை அடிக்கும்.

அப்புறம், கொதிக்கிற பாத்திரத்தின் மேல் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டுகிற பழக்கத்தை விடுங்கள். பொடி விழுகிற வழியிலேயே ஆவி மேலே ஏறி உள்ளே புகுந்துவிடும். கட்டி தட்டுவது பெரும்பாலும் இதனால்தான். காய்ந்த ஸ்பூனில் எடுத்துப் போடுங்கள்.

கேள்வி: தனியாவிலும் மிளகாயிலும் சின்னச் சின்னப் பழுப்பு வண்டு. புதிதாக வாங்கினதிலும் வருகிறது. வெயிலில் வைத்தால் போதுமா?

பதில்: வெயிலில் வைத்தால் வண்டு நகர்ந்துபோகும், முட்டை அங்கேயே இருக்கும். அது பெரும்பாலும் சாமானோடு வந்ததுதான், அப்புறம் பிளாஸ்டிக் கவரைக்கூட ஓட்டை போட்டுப் பக்கத்து பாக்கெட்டுக்குப் போய்விடும். புதுசாக வாங்கினதை இறுக்கமாகக் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் சாகும். வெளியே எடுத்தவுடனே திறக்கக் கூடாது, கவரோடு அறையின் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த சாமான் மேல் படிந்து நமுத்துவிடும். ஏற்கெனவே வண்டு தங்கி மாவு மாவாக உதிர்ந்திருந்தால் எறிந்துவிட்டு, அலமாரியின் இடுக்கைத் துடையுங்கள். பக்கத்தில் இருந்த டப்பாக்களையும் திறந்து பாருங்கள், ஒன்றோடு நின்றிருக்காது.

கேள்வி: இலவங்கப்பட்டை ஒரு கடையில் தடியாக, ஒரு கடையில் மெலிசாக இருக்கிறது. எது அசல்?

பதில்: இரண்டும் இரண்டு மரம். தடியாக, கெட்டியாக, ஒரே அடுக்காகச் சுருண்டிருப்பது கேசியா. காகிதம் மாதிரி மெல்லிய பல அடுக்கு ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, கையால் நொறுக்கினால் நொறுங்குகிறதே, அது சிலோன் பட்டை. கேசியாவின் வாசனை உரக்க இருக்கும், நீண்ட நேரம் கொதிக்கிற சமையலில் நான் அதைத்தான் போடுகிறேன். ஆனால் கேசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம், சிலோன் பட்டையில் அது பெயருக்குத்தான் இருக்கிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம் கூமரின் வரைதான் போகலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்திருக்கிறது, அதற்கு மேல் நாள்கணக்கில் போனால் கல்லீரலுக்குக் கெடுதல். எப்போதாவது ஒரு துண்டு போடுகிறவர்களுக்குக் கவலையில்லை. தினமும் ஸ்பூன் ஸ்பூனாகப் பட்டைப் பொடி குடிக்கிறவர்கள் சிலோன் பட்டைக்கு மாறிக்கொள்ளுங்கள், அதையும் பட்டையாகவே வாங்குங்கள், பொடியாகிவிட்டால் எது என்னவென்று கண்ணால் சொல்ல முடியாது.

கேள்வி: பெரிய பாக்கெட் வாங்கினால் மலிவு. ஒரு கிலோ கிராம்பு வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒரு கிலோ கிராம்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்! இரண்டு வீட்டாரோடு பங்கு போட்டாலும் அதிகம்தான். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களோ என்று சந்தேகமாக இருப்பதால் சொல்கிறேன், ஒரு கிராம்பை எடுத்து மொட்டுக்குக் கீழே காம்பில் நகத்தால் அழுத்துங்கள். நல்ல கிராம்பு என்றால் அழுத்தின இடத்தில் மினுமினுவென்று எண்ணெய் கசியும், அந்த விரலில் சாயங்காலம் வரைக்கும் வாசனை இருக்கும். இன்னொன்றைத் தண்ணீரில் போடுங்கள். நின்றபடி மிதந்தாலோ அடியில் போனாலோ சரி. படுத்தபடி மிதந்தால் எண்ணெயை முன்னாலேயே எடுத்துவிட்டு வெறும் குச்சியை விற்றிருக்கிறார்கள், பிரிக்காத பாக்கெட் மிச்சம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.